ஐந்து பட்டியல், ஒரு கூட்டல் கணக்கு: போஸ்ட்ஸ்கிரீனில் ஸ்பேம் தடுப்பு அமைத்த பதிவு

சர்வர் ஒரு சிறு அறக்கட்டளையினுடையது. இயங்குதளம் டெபியன் 12, மெயில் மென்பொருள் போஸ்ட்ஃபிக்ஸ் 3.7. மெயில் பெட்டிகள் அதிகமில்லை, ஆனால் முகவரிகள் பழையவை. அதனால் ஸ்பேம் கொட்டிக்கொண்டிருந்தது. தடுப்பதற்கு ஏற்கெனவே ஆறு தடுப்புப் பட்டியல்கள் (ஸ்பேம் அனுப்பும் ஐபிகளை வெளியார் தொகுத்து வைப்பவை) போஸ்ட்ஃபிக்ஸின் மெயின்.சிஎஃப் அமைப்புக் கோப்பில் ஒன்றன் கீழ் ஒன்றாக இருந்தன. அந்த முறையில் ஏதாவது ஒரு பட்டியலில் அனுப்புபவரின் ஐபி இருந்தாலே போதும், மெயில் வாசலோடு திரும்பிவிடும். ஆறு பட்டியல் என்றால் ஆறு மடங்கு காவல் என்று தோன்றும். நடப்பது வேறு: ஆறு பேரில் எவர் தவறு செய்தாலும் நமக்கு வரவேண்டிய நல்ல மெயில் போய்விடும். போனது நமக்குத் தெரியவும் தெரியாது.

அந்த அமைப்பைக் கலைத்து, போஸ்ட்ஃபிக்ஸின் வாசல் காவலனான போஸ்ட்ஸ்கிரீனில் மதிப்பெண் முறைக்கு மாற்றியாகிவிட்டது. அங்கே ஒரு பட்டியலைத் தவிர வேறு எதற்கும் தனியாக மெயிலைத் தள்ளும் அதிகாரம் இப்போது கிடையாது. படிகளை நடந்த வரிசையிலேயே எழுதியிருக்கிறது.

முதல் வேலை பட்டியல் அல்ல, ரிசால்வர்

தடுப்புப் பட்டியலைப் பார்ப்பது என்பது டிஎன்எஸ், அதாவது இணையப் பெயர்த் தேடல், வழியாகக் கேட்கும் கேள்விதான். அந்தக் கேள்விக்குப் பதில் தேடித் தருவது ரிசால்வர். 192.0.2.45 என்ற ஐபியிலிருந்து இணைப்பு வந்தால், எண்களைத் தலைகீழாக்கி 45.2.0.192.ஸென்.ஸ்பேம்ஹவுஸ்.ஆர்க் என்று கேட்கிறோம் (ஸென் என்பது ஸ்பேம்ஹவுஸ் அமைப்பின் பட்டியல்). 127-இல் தொடங்கும் பதில் வந்தால் பட்டியலில் உண்டு. அப்படி ஒரு பெயரே இல்லை என்று பதில் வந்தால் பட்டியலில் இல்லை.

இந்தக் கேள்வி 8.8.8.8, 1.1.1.1 போன்ற பொது ரிசால்வர் வழியாகப் போனால் வேலை கெட்டது. யார் கேட்கிறார், எத்தனை கேட்கிறார் என்பது பட்டியல் நடத்துபவருக்குத் தெரியாததால் மறுத்துவிடுவார்கள். ஸ்பேம்ஹவுஸ் அப்போது 127.255.255.254 என்று பதில் தரும். இது ஸ்பேம் என்ற தீர்ப்பு அல்ல, பிழைச் செய்தி. பட்டியல் பெயரைத் தப்பாக எழுதியிருந்தால் கடைசி எண் 252, அளவுக்கு மீறிக் கேட்டிருந்தால் 255. பழைய கோப்பில் எந்தப் பதில் வந்தாலும் தடு என்று எழுதியிருந்தது. பிழைச் செய்தியும் ஒரு பதில்தான் என்பதால், ரிசால்வர் மாறிய அன்றே உலகத்தின் எல்லா மெயிலும் நின்றுபோகும் நிலையில் அந்த சர்வர் ஓடிக்கொண்டிருந்தது.

ஆகவே சர்வரிலேயே ஓடும் ரிசால்வர் மென்பொருளான அன்பவுண்ட் நிறுவினோம். ஃபார்வர்ட் ஸோன், அதாவது கேள்வியை வேறொரு ரிசால்வருக்குத் தள்ளும் அமைப்பு, எதுவும் வைக்கக் கூடாது. வைத்தால் மறுபடியும் வேறொருவர் ரிசால்வர் வழியாகத்தான் போகும். அன்பவுண்ட் தானே டிஎன்எஸ்ஸின் தொடக்கமான ரூட்டிலிருந்து தேடிக்கொள்ள வேண்டும். 127.0.0.1-இல் (அதே சர்வரின் உள் முகவரி) மட்டும் கேட்கும்படி வைத்து, எந்த ரிசால்வரைக் கேட்பது என்று சொல்லும் ரிசால்வ்.கான்ஃப் கோப்பில் அதை மட்டும் எழுதினால் போதும்.

இங்கே மூன்று இடங்களில் வழுக்கும். ஒன்று, நெட்வொர்க் அமைப்பைத் தானாகப் பெறும் டிஹெச்சிபி கிளையண்ட் ஒவ்வொரு ரீபூட்டிலும் ரிசால்வ்.கான்ஃப் கோப்பைத் திருத்தி எழுதும். அதை நிறுத்தாவிட்டால் அன்பவுண்ட் சும்மா ஓடிக்கொண்டிருக்கும், கேள்வி வேறு வழியில் போகும். இரண்டு, டெபியன் 12-இல் போஸ்ட்ஃபிக்ஸின் பல சேவைகள் சிரூட் என்ற தனி அடைவுச் சிறைக்குள் ஓடுகின்றன. அவை பார்ப்பது வார்-ஸ்பூல்-போஸ்ட்ஃபிக்ஸ்-இடிசி அடைவில் இருக்கும் ரிசால்வ்.கான்ஃப் நகலைத்தான். அந்த நகல் போஸ்ட்ஃபிக்ஸ் தொடங்கும்போது எடுக்கப்படுகிறது. கோப்பை மாற்றிய பின் போஸ்ட்ஃபிக்ஸை ரீஸ்டார்ட் செய்யாவிட்டால் ஷெல்லில் டிக் (டிஎன்எஸ் கேட்டுப் பார்க்கும் கட்டளை) சரியான பதில் தரும், மெயில் சர்வர் மட்டும் பழைய ரிசால்வரையே கேட்டுக்கொண்டிருக்கும்.

மூன்றாவதுதான் அதிக நேரம் தின்றது. வேறொரு இடத்திலிருந்து எடுத்த அன்பவுண்ட் கோப்பில் 'பிரைவேட் அட்ரஸ்' வரிசையில் 127.0.0.0/8 இருந்தது. டிஎன்எஸ் ரீபைண்டிங் தாக்குதலைத் தடுக்கப் போடுவது அது. அந்த வரி இருந்தால் வெளியிலிருந்து 127 என்று வரும் எந்தப் பதிலையும் அன்பவுண்ட் உரித்தெடுத்துவிடும். தடுப்புப் பட்டியலின் பதில்களோ எல்லாமே 127தான். விளைவாக எந்தப் பிழையும் லாகில் வராது, எந்த ஸ்பேமும் பிடிபடாது. அந்த ஒரு வரியை எடுத்ததும் எல்லாம் பேச ஆரம்பித்தது.

உயிரோடு இருக்கிறதா என்று பார்ப்பது

பட்டியலின் பெயரைப் பார்த்துச் சேர்க்காமல், முதலில் இரண்டு கேள்வி கேட்டோம். 2010-இல் வந்த இணைய நெறிமுறை ஆவணமான ஆர்எஃப்சி 5782 சொல்வது இது: ஐபிவி4 பட்டியல் எதுவானாலும் 127.0.0.2 அதில் எப்போதும் இருக்க வேண்டும், 127.0.0.1 எப்போதும் இருக்கக் கூடாது. ஆக, டிக் கொண்டு 2.0.0.127 என்று கேட்டால் பதில் வரவேண்டும். 1.0.0.127 என்று கேட்டால் வரக் கூடாது. முதல் கேள்விக்குப் பதில் இல்லையென்றால் பட்டியல் செத்துவிட்டது, அல்லது நம்மை மறுக்கிறது. இரண்டாவது கேள்விக்குப் பதில் வந்தால் அந்தப் பட்டியல் உலகத்தையே ஸ்பேம் என்று சொல்லிக்கொண்டிருக்கிறது. அந்த வரியை அந்த நொடியே எடுக்க வேண்டும்.

இது கற்பனைப் பயமல்ல. ஓஆர்டிபி என்ற தடுப்புப் பட்டியல் 2006 டிசம்பரில் மூடப்பட்டது. நிர்வாகிகள் பலர் கோப்பிலிருந்து பெயரை எடுக்கவில்லை, கேள்விகள் வந்துகொண்டே இருந்தன. 2008 மார்ச்சில் அது எல்லாக் கேள்விக்கும் ஆமாம் என்று பதில் சொல்லத் தொடங்கியது. ஏஹெச்பிஎல் பட்டியலும் 2015 தொடக்கத்தில் அதையே செய்தது. 2021 ஜனவரி 31 அன்று ஸ்பேம்காப் பட்டியலின் டொமைன் பதிவு காலாவதியாகி, எந்தப் பெயரைக் கேட்டாலும் ஒரு பார்க்கிங் பக்கத்தின் ஐபி பதிலாக வந்தது. எந்தப் பதில் வந்தாலும் தடு என்று வைத்திருந்த சர்வர்கள் எல்லா மெயிலையும் திருப்பின. பதில் சரியாக 127.0.0.2 என்றிருந்தால் மட்டும் தடு என்று எழுதியிருந்த சர்வர்களுக்கு அன்றைக்கு எதுவும் ஆகவில்லை. பட்டியல் பெயருக்குப் பின் சமக்குறி போட்டு எண்ணை எழுதுவது ஒரு நிமிட வேலை.

பழைய ஆறில் சோர்ப்ஸும் இருந்தது. அது 2024 ஜூன் 5 அன்று மூடப்பட்டுவிட்டது. வரி நீக்கப்பட்டது.

எதை எடுத்தோம், எதை விட்டோம்

ஒரு பட்டியலைப் பற்றி மூன்று விஷயம் தெரிந்தால் போதும்: ஐபி எப்படி உள்ளே போகிறது, எப்படி வெளியே வருகிறது, நல்ல மெயிலும் கெட்ட மெயிலும் சேர்ந்து வரும் பெரிய சர்வர்களை அது எப்படி நடத்துகிறது.

ஸ்பேம்ஹவுஸின் ஸென் ஒரே பட்டியல் அல்ல, பல பட்டியல்களின் தொகுப்பு. பதில் எண்தான் எது என்று சொல்லும். 127.0.0.2 என்றால் எஸ்பிஎல், ஆய்ந்து சேர்த்த ஸ்பேம் மூலங்கள். 3 என்றால் சிஎஸ்எஸ், தானியங்கியாகக் கண்டு சேர்த்த ஸ்பேம் மூலங்கள். 4 என்றால் எக்ஸ்பிஎல், வைரஸ் பிடித்த கணினிகள். 9 என்றால் டிராப், முழுக்கக் கடத்தப்பட்ட அல்லது குற்றக் கும்பல்களின் நெட்வொர்க். 10, 11 இரண்டும் பிபிஎல், அதாவது நேரடியாக மெயில் அனுப்பவே கூடாத வீட்டு இணைப்பு, மொபைல் ஐபிகள். பிபிஎல் என்பது குற்றப் பட்டியல் அல்ல. இந்த வேறுபாடு முக்கியம், ஏனென்றால் அறக்கட்டளை ஊழியர்கள் போனிலிருந்து மெயில் அனுப்பும்போது அவர்களுடைய ஐபியும் பெரும்பாலும் பிபிஎல்லில்தான் இருக்கும். போஸ்ட்ஸ்கிரீன் மற்ற சர்வர்கள் மெயில் கொண்டுவரும் 25-ஆம் போர்ட்டில் மட்டும் நிற்க வேண்டும். கடவுச்சொல் கொடுத்து உள்ளே வரும் 587, 465 போர்ட்களில் ஐபிக்கான எந்தப் பட்டியலும் கூடாது. யாராவது இன்னும் 25 வழியாக அனுப்பிக்கொண்டிருந்தால் மாற்றும் முன் அவர்களுடைய போன் அமைப்பைத் திருத்திவிட வேண்டும்.

ஸென்னின் இலவசப் பயன்பாட்டுக்கு வரம்பு உண்டு: வணிகமல்லாத பயன்பாடு, நாளுக்கு 1,00,000 எஸ்எம்டிபி (மெயில் அனுப்பும் நெறிமுறை) இணைப்புக்குள், 3,00,000 கேள்விக்குள். அறக்கட்டளைக்கு இது தாராளம். ஆனால் வாடகை சர்வரின் ரிவர்ஸ் டிஎன்எஸ் (ஐபிக்கு உரிய பெயரைக் காட்டும் பதிவு) ஹோஸ்டிங் நிறுவனம் தானாக வைத்த பொதுப் பெயராக இருந்தால், சொந்த ரிசால்வர் வைத்திருந்தாலும் 254 பிழை வரலாம். அதற்கு வழி, ஸ்பேம்ஹவுஸில் பதிவு செய்து டிக்யூஎஸ் சாவி, அதாவது கேட்பவர் யார் என்று காட்டும் தனிக் குறியீடு, பெறுவது. சிறிய பயன்பாட்டுக்கு அதுவும் இலவசம். சாவி பட்டியல் பெயரின் முன் ஒட்டிக்கொள்ளும். தடுக்கப்பட்டவருக்குப் போகும் செய்தியில் பட்டியல் பெயர் அச்சாகும் என்பதால் சாவியும் கூடவே வெளியே போய்விடும். போஸ்ட்ஸ்கிரீனின் 'டிஎன்எஸ்பிஎல் ரிப்ளை மேப்' அமைப்பில் சாவியுள்ள பெயருக்கு எதிரே வெறும் ஸென் பெயரை எழுதிவைத்தால் வெளியே அதுதான் தெரியும். உள்ளே லாகில் சாவி தெரியும். லாகை யாருக்காவது அனுப்பும்போது அழித்துவிட்டு அனுப்ப வேண்டும்.

பாரகூடாவின் பட்டியல் இலவசம், ஆனால் கேள்வி கேட்கும் ஐபியைப் பதிவு செய்ய வேண்டும். சொந்த அன்பவுண்ட் இருப்பதால் அது சர்வரின் ஐபியேதான். பதிவு செய்யாமல் சேர்த்தால் பயனில்லை.

ஸ்பேம்காப் மக்கள் புகாரிலிருந்தும், ஸ்பேமைப் பிடிக்கவே வைத்த பொறி முகவரிகளிலிருந்தும் ஓடுகிறது. வேகமாகச் சேர்க்கும், புகார் நின்றால் தானாகவே விடுவிக்கும். அந்த வேகம்தான் அதன் பலம். பெரிய மெயில் நிறுவனங்களின் வெளிச்செல்லும் ஐபிகள் அவ்வப்போது அதில் விழுந்து எழுவதும் அதனால்தான். ஆயிரம் பேர் பகிரும் ஐபியில் ஒருவர் ஸ்பேம் அனுப்பினால் மற்ற எல்லாருடைய மெயிலும் சில மணி நேரம் நிற்கும். தனியாகத் தடுக்கும் அதிகாரத்தை இதற்குக் கொடுக்கவே கூடாது. துணைச் சாட்சியாக வைத்தால் மிக நல்ல பட்டியல்.

பிஎஸ்பிஎல் முழுக்கப் பொறி முகவரிகளை நம்பியது. வெளியே வர யார் வேண்டுமானாலும் கேட்கலாம், உடனே எடுத்துவிடுவார்கள். இதுவும் துணைச் சாட்சிதான்.

யூசிஇப்ரொடெக்ட் பழைய கோப்பில் மூன்று நிலையும் சேர்ந்து இருந்தது. முதல் நிலை தனி ஐபி. இரண்டாம் நிலை பக்கத்து ஐபிகளையும் சேர்த்து. மூன்றாம் நிலை அந்த நெட்வொர்க் நிறுவனத்தின் ஏஎஸ் எண்ணின் (அதன் நெட்வொர்க்குக்கான அடையாள எண்) கீழ் இருக்கும் எல்லாமே. மலிவு வாடகை சர்வரில் ஒழுங்காக மெயில் நடத்தும் ஒரு சிறு பள்ளியோ கூட்டுறவுச் சங்கமோ, அதே நிறுவனத்தில் இடம் பிடித்த வேறொருவரின் ஸ்பேமுக்காகத் தண்டிக்கப்படுவது நியாயமில்லை. நாமும் அப்படிப்பட்ட ஒரு வாடகை சர்வர்தான். சீக்கிரம் வெளியே வரக் காசு கேட்பதும் இந்தப் பட்டியலின் வழக்கம். மூன்றையும் நீக்கினோம்.

கடைசியாக டிஎன்எஸ்டபிள்யூஎல். இது நல்லவர்கள் பட்டியல். பதிலின் மூன்றாம் எண் அமைப்பின் வகை, நான்காம் எண் நம்பிக்கை அளவு, 0 முதல் 3 வரை. பெரிய இலவச மெயில் நிறுவனங்கள் பெரும்பாலும் 0-வில்தான் இருக்கும். ஆகவே 0-வுக்குச் சலுகை தரத் தேவையில்லை. அளவுக்கு மீறிக் கேட்டால் 127.0.0.255 என்று வரும். எண்ணைக் குறிப்பிட்டு எழுதாவிட்டால் அந்த மறுப்பே எல்லாருக்கும் சலுகைச் சீட்டாக மாறிவிடும்.

கணக்கு

போஸ்ட்ஃபிக்ஸின் சேவைகளைப் பட்டியலிடும் மாஸ்டர்.சிஎஃப் கோப்பில் போஸ்ட்ஸ்கிரீன் வரிகள் ஏற்கெனவே ஹாஷ் குறியோடு, அதாவது செயலற்று, இருக்கின்றன. போஸ்ட்ஸ்கிரீன், எஸ்எம்டிபிடி பாஸ், டிஎன்எஸ்பிளாக், டிஎல்எஸ் பிராக்ஸி, இந்த நான்கிலும் குறியை எடுத்து, பழைய எஸ்எம்டிபி வரிக்குக் குறி போட வேண்டும். டிஎன்எஸ்பிளாக் வரியை மறந்தால் பட்டியல் தேடலே நடக்காது. டிஎல்எஸ் பிராக்ஸியை மறந்தால் மறையாக்கம் கேட்டு வரும் இணைப்புகள் சிக்கும்.

தடுப்பு எல்லை 3, மொத்த மதிப்பெண் அதைத் தொட்டால் தடு. ஸென் 127.0.0.[2..11] என்றால் 4. பாரகூடா 127.0.0.2 என்றால் 2. ஸ்பேம்காப் 127.0.0.2 என்றால் 1. பிஎஸ்பிஎல் 127.0.0.2 என்றால் 1. டிஎன்எஸ்டபிள்யூஎல் நம்பிக்கை 1 என்றால் கழித்தல் 1, 2 அல்லது 3 என்றால் கழித்தல் 2.

ஸென்னுக்கு 3 போதுமே, ஏன் 4? முதலில் 3தான் இருந்தது. அப்போது டிஎன்எஸ்டபிள்யூஎல்லில் மிகக் குறைந்த நம்பிக்கை உள்ள ஐபிகூட ஸென்னின் தீர்ப்பை அழித்துவிட்டது: 3-இல் 1 போனால் 2, உள்ளே வந்துவிடும். 4 என்று வைத்தால் குறைந்த நம்பிக்கைக்காரர் 3-இல் நிற்பார், தடுக்கப்படுவார். நடுத்தர, உயர் நம்பிக்கை உள்ளவர் 2 பெற்று, உள்ளடக்கத்தைச் சோதிக்கும் ஸ்பேம்அசாசினிடம் போவார். இரு தரப்பும் முரண்படும்போது உள்ளடக்கத்தைப் பார்த்து முடிவெடுப்பதுதான் சரி. பாரகூடாவும் ஸ்பேம்காப்பும் ஒத்துப்போனால் 3, தடு. ஸ்பேம்காப்பும் பிஎஸ்பிஎல்லும் மட்டும் என்றால் 2, விடு. ஒரே ஐபிக்கு ஸென் 4, 11 என்று இரண்டு பதில் தந்தாலும் ஒரு வரிக்கு ஒருமுறைதான் மதிப்பெண் சேரும். கூட்டல் வீங்காது.

சலுகை எல்லையை, அதாவது 'அலவ்லிஸ்ட் திரெஷோல்ட்' அமைப்பை, கழித்தல் 1 என்று வைத்தோம். மொத்தம் அதுவாகவோ அதற்குக் கீழாகவோ இருந்தால் மற்றச் சோதனைகள் இல்லாமல் உள்ளே விடும். போஸ்ட்ஃபிக்ஸ் 3.6-க்கு முன் இந்த அமைப்புக்கு வேறு பெயர். பழைய குறிப்புகளிலிருந்து எடுப்பவர்கள் கவனிக்க வேண்டும்.

இணைப்பு வந்ததும் சர்வர் சொல்லும் வாழ்த்து வரியைக் காட்டும் முன் போஸ்ட்ஸ்கிரீன் இயல்பாக 6 விநாடி காத்திருக்கும். பட்டியல் பதில்கள் அதற்குள் வந்துவிட வேண்டும். பதிலுக்குத் திணறும் பட்டியல் இருந்தும் இல்லாததுதான்.

பார்த்துவிட்டுப் பூட்டுவது

உடனே தடுக்கத் தொடங்கவில்லை. டிஎன்எஸ்பிஎல் ஆக்ஷனை 'இக்னோர்' என்று வைத்து ஓடவிட்டோம். அப்போதும் எந்த ஐபியை எந்தப் பட்டியல் எந்த எண்ணோடு சொன்னது என்று டிஎன்எஸ்பிளாக் ஒவ்வொரு வரியாக எழுதும். மொத்தம் எல்லையைத் தொட்டால் போஸ்ட்ஸ்கிரீன் 'டிஎன்எஸ்பிஎல் ரேங்க்' என்று இன்னொரு வரி எழுதும். டெபியன் 12-இல் லாக் கோப்பு எழுதும் ஆர்சிஸ்லாக் தானாக வருவதில்லை என்பதால் மெயில் லாக் கோப்பு இருக்காது. ஜர்னல்சிடிஎல் கட்டளை வழியாக எடுத்து கிரெப், ஆக் கருவிகளைக் கொண்டு பிரிக்கலாம்.

பார்க்க வேண்டியது எத்தனை ஸ்பேம் பிடிபடும் என்பதல்ல. ரேங்க் வரியில் வந்த ஐபிகளை, அதே காலத்தில் பெட்டிக்குள் சேர்ந்து, ஊழியர்கள் பதிலும் எழுதிய மெயில்களின் ஐபிகளோடு ஒப்பிட வேண்டும். இரண்டிலும் இருக்கும் ஒவ்வொரு ஐபியும் நாம் இழக்கவிருந்த ஒரு கடிதம். மாதம் ஒருமுறை மட்டும் எழுதும் நன்கொடையாளர்கள் உண்டு. கவனிப்புக் காலம் அவர்களையும் தொட்டுப் போகும் அளவு நீளமாக இருக்க வேண்டும். அப்படிச் சிக்கிய நம்பகமான ஐபிகளைப் போஸ்ட்ஸ்கிரீன் அணுகல் கோப்பில் பெர்மிட் என்று எழுதி, போஸ்ட்ஃபிக்ஸை ரீலோட் செய்தோம். ரீலோட் இல்லாமல் அந்தக் கோப்பு படிக்கப்படாது.

பிறகு ஆக்ஷனை 'என்ஃபோர்ஸ்' என்று மாற்றினோம். 'டிராப்' வேண்டாம். டிராப் உடனே இணைப்பை அறுத்துவிடும், யார் யாருக்கு எழுதினார் என்பது தெரியாமலே போகும். என்ஃபோர்ஸ் பெறுநர் வரி வரை பேசவிட்டு 550 என்ற மறுப்பைச் சொல்லும். அனுப்புநர், பெறுநர் இருவரும் லாகில் பதிவாவார்கள். என் மெயில் வரவில்லை என்று யாராவது போனில் சொன்னால் தேடிப் பார்க்க அந்த வரி ஒன்றுதான் கையில் இருக்கும். போஸ்ட்ஸ்கிரீன் ஐபியைப் பார்த்தே முடிவெடுப்பதால், சர்வர் நிர்வாகிக்கான போஸ்ட்மாஸ்டர் முகவரிக்கு மட்டும் விலக்கு தர வழியில்லை. அதனால் 'ரிஜெக்ட் ஃபூட்டர்' அமைப்பில் அலுவலகத் தொலைபேசி எண்ணை எழுதிவைத்தோம். திரும்பி வரும் மெயிலிலேயே அனுப்பியவர் அதைப் படிக்க முடியும்.

வாழ்த்துக்குப் பின் நடக்கும் ஆழமான சோதனைகளை இயக்கவில்லை. அவை புதிய ஐபி ஒவ்வொன்றையும் பிறகு வா என்று திருப்பும். பல ஐபிகளிலிருந்து மாறி மாறி முயலும் பெரிய நிறுவனங்களின் மெயில் மணிக்கணக்கில் தாமதமாகும்.

உள்ளே வந்த பிறகு அனுப்புநர் டொமைனை ஸ்பேம்ஹவுஸின் டொமைன் பட்டியலான டிபிஎல்லில் சோதிக்கிறோம். இங்கே எண் வரம்பு 127.0.1.[2..99]. 102 முதல் உள்ளவை நல்ல டொமைன்கள், யாரோ புகுந்து தவறாகப் பயன்படுத்தியவை. அவற்றைத் தடுப்பது பாதிக்கப்பட்டவரை மறுபடி அடிப்பது. டிபிஎல்லிடம் ஐபியைக் கேட்கவே கூடாது. கேட்டால் 127.0.1.255 என்ற பிழைதான் வரும். வரம்பு எழுதாதவர்களுக்கு அதுவும் தடுப்பாகிவிடும்.

செலவும் மீதி வேலையும்

பணச் செலவு எதுவுமில்லை. ஸென், பாரகூடா இரண்டுக்கும் பதிவு நேரம்தான். அன்பவுண்ட் சிறிய சர்வரிலும் சுமையாகத் தெரியவில்லை. ஸ்பேம்அசாசினுக்கும் அதே ரிசால்வர் பயன்படுகிறது. மெயில் தலைப்பில் 'யூஆர்ஐபிஎல் பிளாக்டு' என்று (யூஆர்ஐபிஎல் என்ற பட்டியல் நம் கேள்வியை மறுத்ததன் அடையாளம்) முன்பு வந்துகொண்டிருந்த வரி நின்றுவிட்டது. அந்த வரி இருக்கும் சர்வரில் முதலில் ரிசால்வரைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

குறித்த நேரத்தில் வேலைகளை ஓட்டும் கிரானில் ஒரு சிறு ஸ்கிரிப்ட் மணிக்கொருமுறை ஓடுகிறது. ஐபிக்கான ஒவ்வொரு தடுப்புப் பட்டியலையும் 2.0.0.127, 1.0.0.127 என்று இரண்டு கேள்வி கேட்கும். முதலாவதற்குப் பதில் இல்லை, இரண்டாவதற்குப் பதில் உண்டு, அல்லது 127.255.255 என்று ஏதாவது வருகிறது என்றால் எச்சரிக்கை போகும். எச்சரிக்கை இதே சர்வர் வழியாக மெயிலாகப் போகக் கூடாது, போனுக்கு வேறு வழியில் போகவேண்டும்.

மறுமுறை அமைப்பதானால் டிக்யூஎஸ் சாவியை முதல் நாளே வாங்கிவிட்டுத் தொடங்கலாம். சாவி தேவைப்படாத பொது மிரரில் தொடங்கி நடுவில் மாறுவதால் கவனிப்புக் கால லாகில் இரண்டு பெயர்கள் கலந்து ஒப்பீடு சிரமமாகிறது. ஐபிவி6-ஐயும் தள்ளிப்போட மாட்டோம். ஸென் அதற்கும் பதில் தருகிறது. துணைப் பட்டியல்களின் சாட்சி அங்கே நம்பும்படி இல்லாததால், ஐபிவி6 வழியாக வரும் மெயிலுக்கு நடைமுறையில் ஸென்னின் 4 மட்டும்தான் நிற்கிறது. மீதியை ஸ்பேம்அசாசின்தான் பார்க்க வேண்டியிருக்கிறது. அதன் விதிகளை அதற்கேற்ப இறுக்கும் வேலை இப்போது நடந்துகொண்டிருக்கிறது.